கனடா முப்பது, செக்கோஸ்லோவாக்கியா நில்

ரங்கூனில் க்யிம்யிண்டைங் தமிழர் வாசகசாலையில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் பெஞ்சு. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் என் தந்தை அய்யாசாமி தினமும் மாலையில் ஆங்கிலப் பத்திரிகையைத் தமிழில் சொல்லி வந்தார். பதினெட்டு வருடம் சொன்னார். அவர் காலமாகிப் பதினாறாம் நாள் கழிந்ததும் வாசகசாலைக் காரியதரிசி ரஹ்மத்துல்லா ராவுத்தர் வீடு தேடி வந்து என்னை அழைத்துப் போய் அதில் உட்கார வைத்தார். நான் கேட்டுப் பெறவில்லை. கேட்டுப் பெறும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வருகிறவர்கள் அரிசி ஆலைத் தொழிலாளிகள், படகுத்துறை ஆட்கள், ரயில்வேக்காரர்கள். அவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கவர்னர் ஒரு வார்த்தை பேசினால் அது என் வாய் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேரும். பர்மியர்கள்கூட என்னை, அவர்கள் பாஷையில் வாத்தியார் என்று பொருள்படும்படி, ‘சயா’ என்று அழைப்பார்கள். சபாபதி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. ஒரு வரியை விடவும் கூடாது, ஒரு வரியைச் சேர்க்கவும் கூடாது என்று என் தந்தை விதித்திருந்தார். நானும் அப்படியே நடந்தேன்.

செல்லக்கண்ணு என் தங்கை தைலம்மாளின் கணவர். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஆனால் வீட்டு மாப்பிள்ளை. அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நின்றேன், ஒரு நாளும் தவறியதில்லை. கப்பலில் பட்லராக இருந்தவர். எழுத்து வாசனை கிடையாது. தைலம்மாளுக்கு ஒரு குமாஸ்தா மாப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். என் தந்தைதான் செல்லக்கண்ணுவைப் பிடித்துப் போய் முடித்து வைத்தார். கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது மாப்பிள்ளை வந்து கப்பல் கதை சொல்வார். என் தந்தை தலையணையில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். நான் அறைக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். நான் வாசித்து அவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. வாசிப்பில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1923ஆம் வருடக் கடைசியில் முழங்கால் கெட்டுப்போய் மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்கினார். படகுத்துறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டார். மாலையில் கடையைத் தைலம்மாளிடம் விட்டுவிட்டு வாசகசாலைக்கு வருவார். வந்த முதல் வாரத்திலேயே தான் பார்த்த ஓர் ஆட்டத்தின் கதையை ஆரம்பித்துவிட்டார்.

கதை இதுதான். 1920ஆம் வருடம் சித்திரை மாதத்தில் அவருடைய கப்பல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றது. ஒலிம்பிக் பந்தயங்கள் அந்த ஊரில் கோடையில்தான் நடக்க இருந்தன. ஆனால் பனிக்கட்டி மேல் ஆடும் ஹாக்கியை மட்டும் முன்கூட்டியே நடத்தினார்கள். கப்பலின் இரண்டாவது ஆபீசர் அதைப் பார்க்கப் போகும்போது கம்பளியும் தேநீர்க் குடுவையும் தூக்க இவரை அழைத்துப் போனார். பெரிய மாளிகை. தரை முழுவதும் ஐஸ். ஆட்டக்காரர்களின் பூட்ஸில் கத்தி போல இரும்பு. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு ஓரத்தில் பேண்டு வாத்தியம். அவர்கள் அடிப்பது பந்து இல்லை, ரப்பர் வட்டு.

“எத்தாச் சோட்டு வட்டு?” என்று ரயில்வே பிட்டர் நல்லையா கேட்டார். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர் அவர்.

“சின்ன அதிரசம் இருக்கும்.”

“கடிச்சாப் பல்லு போயிடுமே.”

“கடிக்கவே வேண்டாம். பறந்து வந்து பட்டாலே போயிடும். அங்கே ஆடினவன்ல நாலு பேருக்கு முன்பல்லைக் காணோம்.”

வாசகசாலை முழுவதும் சிரித்தது.

அவர் பார்த்தது கனடாவும் ஸ்வீடனும் ஆடிய ஆட்டம். கனடா பன்னிரண்டு கோல், ஸ்வீடன் ஒன்று. கனடாவுக்காக ஆடியவர்களில் பெரும்பாலோர் ஐஸ்லாந்து தேசத்திலிருந்து கப்பலேறிப் போய்ப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் என்று அந்த ஆபீசர் சொன்னாராம். தங்கள் ஊரிலேயே முதலில் மற்ற கோஷ்டிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் தேசத்துக்காக ஆடப் போனவர்கள் அவர்கள்தானாம். இதைக் கேட்டதும் பெஞ்சிலிருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய தகப்பன்மாரும் கப்பலேறி வந்தவர்கள்தான். நல்லையா மட்டும், “ஐஸ்லாந்துக்காரன் ஐஸ்ல ஓடாம வேற எதுல ஓடுவான்” என்றார்.

நான் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எத்தனையோ வருடங்களாக எத்தனையோ தேசத்துச் செய்திகளை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்காவது அவர்கள் அப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை.

தை பிறந்ததும் மாப்பிள்ளை இன்னொரு காரியம் செய்தார். மீன் சந்தைக்குப் போய், மரத்தூளில் புதைத்து வைத்த ஐஸ் பாளம் ஒன்றை வாங்கி, சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். வாசகசாலை முற்றத்தில் அதைக் கிடத்தினார். பழைய பூட்ஸ் குதியிலிருந்து வட்டமாக ரப்பரை வெட்டி அதன் மேல் வைத்து, கடை அகப்பையால் லேசாகத் தட்டினார். அது பாளத்தின் மறுகோடிக்கு ஓடி முற்றத்தைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. அவ்வளவுதான், ஆளுக்கு ஆள் அகப்பையைக் கேட்டு வாங்கினார்கள். கிழவர்களும் வாங்கினார்கள். நான் உள்ளே உட்கார்ந்து சட்டசபை நடவடிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரஹ்மத்துல்லா ராவுத்தர், காரியதரிசியாகையால் எழுந்து போக முடியாது. இன்னொருவர் தூங்கிவிட்டார். வெளியே ஐஸ் கரையும்வரை சத்தம் ஓயவில்லை. நானும் குரலைத் தாழ்த்தவில்லை. நடவடிக்கைகளை முழுவதும் வாசித்து முடித்தேன்.

அன்று முதல் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இது பொறாமை என்று அப்போது எனக்குத் தெரியாது. குடும்பத்தின் இடத்தை ஒருவர் விளையாட்டாகத் தட்டிப் பறிக்கிறார், அதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இப்போது அதன் பெயரைச் சொல்கிறேன்.

ஜனவரி முப்பதாம் தேதி, புதன்கிழமை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தந்திச் செய்தி ஒரு வரி இருந்தது. பிரான்சில் ஷாமோனி என்ற மலையூரில் பனி விளையாட்டுப் பந்தயங்கள் நடக்கின்றன. ஐஸ் ஹாக்கி: கனடா 30, செக்கோஸ்லோவாக்கியா நில்.

இந்த ‘நில்’லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் ஓர் அரிசி ஆலையின் படகுத்துறை அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. எனக்கு முன்பு அங்கே அந்த வேலையில் இருந்தவர் என் தந்தை. த்வாண்டே கால்வாய் வழியாக நெல் படகுகள் வரும். எந்தத் துறைக்கு எத்தனை படகு வந்தது என்று மாலைக்குள் ஒவ்வொரு துறையிலிருந்தும் சீட்டு வர வேண்டும். சீட்டு வராத துறைக்கு நேரே ஆங்கிலத்தில் ‘நில்’ என்று எழுதி மேலே அனுப்புவோம். தகவல் இன்னும் வரவில்லை என்று அதற்குப் பொருள். மறுநாள் சீட்டு வந்ததும் எண்ணை எழுதி அனுப்புவோம். அந்த முறையை ஏற்படுத்தியவர் என் தந்தை. அந்த அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக ‘நில்’ என்றால் அதுதான். எனக்கு ஆங்கிலம் வந்ததும் அந்த அலுவலகத்தில்தான்.

ஆகவே அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து இப்படிச் சொன்னேன்: “கனடா முப்பது போட்டிருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியா எத்தனை போட்டது என்று தகவல் இன்னும் வரவில்லை.”

ஐஸ் ஹாக்கி என்றதும் எல்லோரும் முன்னால் நகர்ந்து வந்தார்கள். மாப்பிள்ளை பின்பெஞ்சிலிருந்து, பேப்பரில் இருக்கிற வார்த்தை என்ன என்று கேட்டார். ‘நில்’ என்றேன்.

“மச்சான், கப்பல்ல ‘நில்’லுன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அவங்க ஒண்ணுமே போடலை. முப்பதுக்கு சைபர்.”

நான் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். ரங்கூன் மைதானத்தில் ரயில்வேயும் பட்டாளமும் ஹாக்கி ஆடுவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு. ஒரு தேசத்தின் சார்பாக வந்த கோஷ்டி முப்பது வாங்கிக்கொண்டு ஒன்றுகூடத் திருப்பிக் கொடுக்காது என்று எந்தப் புத்தியுள்ளவர் நம்புவார்? கப்பல் சமையலறையில் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தமோ எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று தெரியும்.

‘கப்பல் சமையலறை’ என்று நான் சொன்னது அவரைச் சுட்டது. சுட வேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சிறுத்தது. ஆனாலும் விடவில்லை.

“நான் பார்த்தேன் மச்சான். பன்னிரண்டு விழுந்ததைக் கண்ணால பார்த்தவன். முப்பது விழும்.”

“விழட்டும். மற்றவர்களும் போட்டிருப்பார்கள், எண் வரும்.”

“வரலைன்னா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து இது வந்தது: “நான் சொன்னது தப்பு என்றால் இந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன். நீங்கள் உட்காருங்கள், மாப்பிள்ளை.”

அப்பா உட்கார்ந்த நாற்காலியை வைத்து இப்படிப் பேசலாமா என்று ரஹ்மத்துல்லா ராவுத்தர் தடுத்துப் பார்த்தார். பேசியது பேசியதுதான் என்றேன்.

வியாழக்கிழமை: கனடா 22, ஸ்வீடன் நில். வெள்ளிக்கிழமை: கனடா 33, ஸ்விட்சர்லாந்து நில். இரண்டு நாளும் தகவல் வரவில்லை என்றே சொன்னேன். வாசகசாலையில் நிற்க இடமில்லை. ஆலையிலிருந்து நேராக, தவிடு படிந்த உடம்போடு வந்தார்கள்.

“மூணு தேசத்துக்குமா சயா தந்தி ஆபீஸ் மூடியிருக்கு?” என்றார் நல்லையா.

மலையூர், பனி விழும், கம்பி அறுந்திருக்கும் என்றேன். நான் அதை நம்பினேன். நம்பாமல் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமைச் செய்தியோடு இன்னொரு சிறு குறிப்பும் இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஆன்ட்வெர்ப்பில் ஏழு பேர் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தாரே. அன்றைக்கு ஏழு பேர்தான், நான் எண்ணினேன் என்று அவர் சொன்னார். யாரோ பின்னாலிருந்து, கம்பளியைத் தூக்கினவனையும் சேர்த்து எண்ணிவிட்டாயா என்று கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. நான்கு வருடத்துக்குள் ஆட்டத்தின் விதி மாறியிருக்கலாம் என்று என் மனத்தில் பட்டது. பட்டதை நான் வெளியே சொல்லவில்லை.

சனிக்கிழமை செய்தி இல்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பத்திரிகையைப் பிரித்தேன். கனடா 19, கிரேட் பிரிட்டன் 2.

அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. கம்பி அறுந்திருந்தால் இந்த எண் மட்டும் எப்படி வந்தது? நம்மை ஆளுகிறவர்களே பத்தொன்பது வாங்கிக்கொண்டு இரண்டுதான் போட்டிருக்கிறார்கள் என்றால் மற்றவர்கள் ஒன்றும் போடாமல் போனதில் என்ன ஆச்சரியம்? ‘நில்’ என்றால் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

எனக்கு முதலில் தோன்றியது அவமானம் இல்லை. மாப்பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும், முன்னால் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பதும், என் தந்தை தலையணையில் சாய்ந்து சிரிப்பதும் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன. செத்துப்போனவருடைய சிரிப்புக்குக்கூட நான் பொறாமைப்பட்டேன்.

அன்று மாலை மற்றச் செய்திகளையெல்லாம் வாசித்தேன். அந்த வரி வந்ததும் பத்திரிகையை மடித்தேன்.

“ஐஸ் செய்தி என்ன ஆச்சு சயா?”

“இன்றைக்கு இல்லை” என்றேன்.

எங்கள் குடும்பத்தில் அந்த நாற்காலியிலிருந்து சொல்லப்பட்ட முதல் பொய் அது.

அதற்கு மேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களே செய்தார்கள். தொடர்ந்து செய்தி வராததால் ஆட்டமே முடிந்து போயிற்று என்றும், எண் வந்திருந்தால் சயா சொல்லியிருப்பார் என்றும், பட்லர் கப்பலில் குடித்துவிட்டுக் கண்டதைக் கண்டேன் என்கிறார் என்றும் பேச்சு ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு ‘முப்பது பட்லர்’ என்று பெயர் விழுந்தது. கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள், முப்பது இட்லி கொண்டா, சட்னி நில் என்று கேட்டார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்பதும் பொய்தான், ஆன்ட்வெர்ப்பே பொய்தான் என்றாகிவிட்டது. புதன்கிழமை அவர் வாசகசாலைக்கு வரவில்லை. நான் சட்டசபைச் செய்தி வாசித்தேன். எல்லோரும் கேட்டார்கள், அல்லது கேட்பது போல இருந்தார்கள். முற்றத்தில் யாரும் இல்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் மாப்பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மச்சான், நான் சபையில உங்களை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாது. யோசிச்சுப் பார்த்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கு அங்கே பலகையில போட்ட எண்ணை ஆபீசர்தான் சொன்னார். அவர் தமாஷுக்குக்கூடச் சொல்லியிருக்கலாம். நான் எண்ணினதா நினைச்சது நெசமா எண்ணினதான்னு இப்ப எனக்கே தெரியலை.”

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. மனப்பூர்வமாகச் சொன்னார். பார்த்தவரே தான் பார்த்ததை விட்டுக்கொடுக்கிறார், என் வார்த்தைக்காக. நான் வேண்டியது அதுதான். அது என் கைக்கு வந்ததும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னேன். கடை திறக்க வேண்டும் என்று போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது தைலம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“அண்ணே, திங்கக்கிழமை பேப்பர்ல வந்துச்சா?”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலை. நீ வாசிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே பேப்பரை மடிச்சேன்னு ராவுத்தர் சொன்னார். நீ அப்படி மடிக்க மாட்டே.”

நான் செருப்பைக் கழற்றினேன்.

“என் வீட்டுக்காரரைப் பொய்யர்னு இந்தத் துறையே சொல்லுது. சொல்லட்டும். அந்தப் பொய்யர் வீட்டுல இருக்கிறது அய்யாசாமி பொண்ணு. நீ எந்தக் குடும்பத்துக் கௌரவத்தைக் காப்பாத்துறேன்னு எனக்குப் புரியலை.”

சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் போனாள். சின்ன வயதில் நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறவள். அவளும் அவர் பக்கம் போய்விட்டாளே என்றுதான் முதலில் நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் பக்கம் மாறவில்லை, நான்தான் வேறு பக்கம் போய் நிற்கிறேன் என்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் முடிவு வந்திருந்தது. திங்கட்கிழமைப் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டேன். போகிற வழியில் மாப்பிள்ளையின் கடைக்குப் போய், இன்று அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தயங்கினார். கை துடைத்துக்கொண்டிருந்த தைலம்மாள், போய்ட்டு வாங்க என்றாள்.

அன்று நான் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு திங்கட்கிழமைப் பத்திரிகையைப் பிரித்தேன்.

“கனடா பத்தொன்பது, கிரேட் பிரிட்டன் இரண்டு. இது திங்கட்கிழமையே வந்தது. நான் இல்லை என்று சொன்னேன். பொய் சொன்னேன். ‘நில்’ என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். செக்கோஸ்லோவாக்கியா ஒன்றும் போடவில்லை. ஸ்வீடன் போடவில்லை. ஸ்விட்சர்லாந்து போடவில்லை. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி.”

 நல்லையாகூட வாயைத் திறக்கவில்லை. தெருவில் மொகிங்கா மீன் சேமியா விற்கிறவளின் குரல் கேட்டது. ரஹ்மத்துல்லா ராவுத்தர்தான் கேட்டார், உங்கள் அலுவலகத்தில் அப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று சொன்னீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று. என் தந்தை ஏற்படுத்தியது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தப்பு பாதியாகக் குறையும். நான் சொல்லவில்லை. படகுத்துறைச் சீட்டுக்காக அவர் வைத்த வழக்கம் அது, அங்கே அது சரியாகவே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் உலகத்துக்கெல்லாம் பொருத்தினவன் நான். என் தவறு என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கள், மாப்பிள்ளை” என்றேன்.

அவர் பெஞ்சை விட்டு எழுந்தார். ஆனால் முன்னால் வரவில்லை. அது மாமா உட்கார்ந்த இடம், தனக்கு வேண்டாம் என்றார். தனக்குப் பேப்பர் வாசிக்கத் தெரியாது, அதில் உட்கார்ந்து என்ன செய்வது என்றார். வார்த்தை கொடுத்தவன் நான், திருப்பி வாங்க முடியாது என்றேன். எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. கடைசியில் ராவுத்தர் எழுந்து, வாசிப்பு நிற்கக் கூடாது, நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது, சபாபதி பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கட்டும், செல்லக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கட்டும் என்று தீர்த்து வைத்தார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். நாற்காலி உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர் போல நுனியில் உட்கார்ந்தார். நான் நல்லையாவுக்கும் ஒரு படகுக்காரருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. நல்லையா சற்று நகர்ந்து இடம் விட்டார்.

“கனடா ஆறு, அமெரிக்கா ஒன்று. கனடா ஜெயித்துவிட்டது” என்று வாசித்தேன்.

வாசித்தது நான். எல்லோரும் திரும்பிப் பார்த்தது அவரை. எப்படி மாப்பிள்ளை, முப்பது போட்டவனுக்கு அமெரிக்காக்காரன்கிட்ட ஆறுதான் முடிஞ்சுதா என்று கேட்டார்கள். அமெரிக்காக்காரனும் ஐஸில் வளர்ந்தவன்தான், ஆன்ட்வெர்ப்பிலேயே கனடாவுக்குச் சரியாக மல்லுக்கட்டினவன் என்று ஆபீசர் சொன்னார் என்றார் அவர். கை வீசிக் காட்டினார். மெதுவாக, தெரியாமலே, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபோது மறுபடியும் எனக்கு நெஞ்சு எரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடங்கவில்லை. நான் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

“மச்சான், இந்தப் பந்தயம் மறுபடி எப்ப நடக்கும்?” என்று நாற்காலியிலிருந்து கேட்டார்.

ஒலிம்பிக்கோடு சேர்த்து நடத்துவதானால் இன்னும் நான்கு வருடம் ஆகும் என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போல நாற்காலியின் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“நாலு வருஷமா? அதுவரைக்கும் சட்டசபைச் செய்தியைக் கேட்டுக்கிட்டு நான் இதுலயே உட்காரணுமா?”

“ஆமாம்” என்றேன். பிறகு குரலை உயர்த்திச் சட்டசபை நடவடிக்கைகளை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.